பத்தமடை தந்த காசி யாத்திரிகர்

தென்பாண்டி நாட்டில் வாழ்வோர்க்குக் காசி என்பது தொலைவில் உள்ள ஓர் ஊர் மட்டுமன்று; வாழ்நாள் முழுவதும் நெஞ்சில் வைத்துப் போற்றும் ஒரு வேண்டுதல் ஆகும். பொதிகையில் தோன்றித் தண்பொருநை என்னும் திருப்பெயர் பூண்டு வரும் தாமிரபரணியில் நாள்தோறும் நீராடும் பேறு பெற்றவர்களும், கங்கையில் ஒருமுறையேனும் மூழ்கி விசுவநாதப் பெருமானைக் கண்ணாரக் கண்டு வர வேண்டும் என்று ஏங்குவர். அங்ஙனம் சென்று வர இயலாதார் பொருட்டே பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டிய மன்னர் சிற்றாற்றங்கரையில் தென்காசித் திருக்கோயிலை எழுப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

சென்று வந்தவர்களுள்ளும் சிலர் அங்கேயே தங்கிப் பெரும்பணி புரிந்தனர். ஸ்ரீவைகுண்டத்தில் அவதரித்த குமரகுருபர சுவாமிகள் பதினேழாம் நூற்றாண்டில் காசிக்கு எழுந்தருளி, அங்கே மடம் நிறுவிக் கங்கைக் கரையில் தமிழையும் சைவத்தையும் ஓங்கச் செய்தார். எட்டயபுரத்தில் தோன்றிய மகாகவி பாரதியார் 1898-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் காசியில் அனுமான் கட்டத்தில் வாழ்ந்து கல்வி பயின்றார். இவர்களுக்குப் பின், இதே பொருநைப் பள்ளத்தாக்கிலிருந்து காசி யாத்திரை புறப்பட்டு, மீண்டும் இல்லம் திரும்பாமலே உலகம் முழுவதையும் இல்லமாக்கிக்கொண்ட ஒரு மகான் உண்டு. அவரே பத்தமடை தந்த ஸ்ரீ சுவாமி சிவானந்த சரஸ்வதி ஆவர். கும்பாபிஷேகத் திருநாளில் கூடியிருக்கும் மெய்யன்பர்கள் அவருடைய யாத்திரையை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நலம் பயக்கும்.

பிறந்த ஊரும் பிள்ளைப் பருவமும்

கன்னடியன் கால்வாயின் நீர் வளத்தால் செழித்த வயல்களும், பாய் நெசவும் பத்தமடைக்கு அழகு செய்வன. ஆற்றங்கரையில் விளையும் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, மயிரிழை போல மெல்லியதாகக் கிழித்துப் பட்டுப்போல் மடியும் பாயாக நெய்யும் திறம் இவ்வூர் இஸ்லாமியக் குடும்பங்களுக்கு வழிவழியாக வாய்த்தது. எளிய கோரை, பொறுமையினாலும் நீரினாலும் கைத்திறத்தினாலும் மன்னர் அவைக்கும் உரிய பொருளாகிறது. இவ்வூரில் தோன்றிய ஒரு மைந்தரின் வாழ்வும் அத்தகையதே.

1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் வேங்கு ஐயருக்கும் பார்வதி அம்மையாருக்கும் மூன்றாவது புதல்வராக அவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் குப்புசுவாமி. வேதாந்தப் பேரறிஞரும் சிவபக்தருமான அப்பைய தீட்சிதரின் மரபில் வந்தது அக்குடும்பம் என்பர். தந்தையார் எட்டயபுரம் சமஸ்தானத்தில் அலுவல் பார்த்தவர்; சிவபூஜையில் நீங்காத பற்றுடையவர். அப்பூஜைக்கு வில்வமும் மலரும் பறித்துவந்து கொடுப்பது சிறுவர் குப்புசுவாமிக்கு உவப்பான பணியாக இருந்தது. பிற்காலத்தில் உலகமெல்லாம் அறிந்த ஒரு துறவியின் முதல் கைங்கரியம் வில்வம் பறித்தது என்பதை இல்லந்தோறும் உள்ள பெற்றோர் மனத்திற்கொள்ளத் தகும்.

எட்டயபுரத்து ராஜா உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர்த் திருச்சிராப்பள்ளிக் கல்லூரியிலும் அவர் பயின்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் தேர்விலும் தேறினார். படிப்பில் முதன்மை பெற்றதோடு உடற்பயிற்சியிலும் பெருவிருப்பம் காட்டினார்.

அவர் வாட்பயிற்சி கற்ற வரலாறு சிந்தனைக்குரியது. கற்பித்த ஆசிரியர், அக்காலத்தார் தாழ்வாக எண்ணிய குலத்தில் பிறந்தவர். அந்தணச் சிறுவன் அவரிடம் மாணவனாக இருப்பது தகாது என்று சிலர் கூறவே, குப்புசுவாமி சற்றுத் தயங்கினார். பின்னர் ஆழ்ந்து எண்ணிப் பார்த்தார். தந்தையாரின் பூஜையில் தாம் கண்ட சிவபெருமானே அவ்வாசிரியரிடமும் விளங்குவதாக அவர் உள்ளத்தில் பட்டது. மலர்களும் இனிப்பும் ஆடையும் ஏந்திச் சென்று, மாலை சூட்டி அவர் திருவடிகளில் விழுந்து வணங்கினார். நிகழ்ந்தது சிறு நிகழ்ச்சியே. ஆயினும் வில்வத்தால் பூஜித்த இறைவனை மனிதரிடம் காணும் கண் அன்றே திறந்துவிட்டது. பின்வந்த அறுபது ஆண்டுகளும் அக்கண்ணின் வழியே நடந்தவையே.

மருத்துவம் என்னும் தொண்டு

தஞ்சையில் மருத்துவம் பயிலச் சென்ற குப்புசுவாமி, விடுமுறை நாட்களிலும் ஊர் திரும்பாமல் மருத்துவமனையிலேயே நோயாளிகளுடன் பொழுதைக் கழித்தார். இதனிடையே தந்தையார் காலமாயினர். 1909-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியிலிருந்து, அமுதம் என்று பொருள்படும் பெயரால் ஆங்கிலத்தில் ஒரு மருத்துவ இதழைத் தொடங்கினார். தொடக்கச் செலவுக்கென அன்னையார் நூறு ரூபாய் அளித்தார். உடல்நலம் பேணும் வழியை யாவரும் அறிய வேண்டும் என்பதே அவ்விதழின் நோக்கம். இலவசமாகப் பலருக்கும் அனுப்பினார். எழுத்தினால் பிறர் துயர் துடைக்கும் பழக்கம் அங்கே வேர்கொண்டது.

1913-ஆம் ஆண்டில் மலாய் நாட்டுக்குக் கப்பலேறினார். புலால் கலவாத உணவு கப்பலில் கிடைக்குமோ என்னும் ஐயத்தால், அன்னையார் செய்து கொடுத்த இனிப்புப் பண்டங்களையே வழி முழுவதும் உண்டு, நீரைப் பருகி, வாடிய உடலோடு சிங்கப்பூரில் இறங்கினார். பிறகு நெகிரி செம்பிலானில் சிரம்பான் நகருக்கு அண்மையில் இருந்த ரப்பர் தோட்ட மருத்துவமனை ஒன்றில் பொறுப்பேற்றார். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அங்கே பணிபுரிந்து, அதன்பின் ஜொகூரில் மூன்றாண்டுகள் கழித்தார்.

அக்காலத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களுள் பெரும்பாலோர் தமிழ் மக்கள். கடல் கடந்து வந்து, காய்ச்சலுக்கும் வறுமைக்கும் ஆளாகி, ஆதரவின்றி நின்ற அவர்களுக்கு அம்மருத்துவர் உற்ற துணையானார். மருந்து கொடுத்ததோடு நில்லாமல், தேறி எழுந்தபின் நல்லுணவு உண்ணத் தம் கைப்பொருளையும் கொடுத்தார். ஊதியம் பெருகியது, நற்பெயர் பெருகியது. ஆயினும் உள்ளம் நிறைவுறவில்லை. உடலின் நோயை மருந்து தீர்க்கிறது. தீர்ந்த உடலும் ஒருநாள் வீழ்கிறது. வீழாத பொருள் எது என்னும் வினா அவரை விடாது தொடர்ந்தது. நோயுற்று வந்த துறவி ஒருவருக்கு அவர் பணிவிடை செய்து குணப்படுத்தினார். அத்துறவி, சுவாமி சச்சிதானந்தர் என்பார் இயற்றிய வேதாந்த நூல் ஒன்றை அவர் கையில் கொடுத்துச் சென்றார். அந்நூல் வினாவுக்கு விடை தேடும் வழியைக் காட்டிற்று.

காசியை நோக்கி

1923-ஆம் ஆண்டில் பதவியைத் துறந்து தாயகம் திரும்பினார். அயல்நாடு சென்று பொருளீட்டி வரும் மருத்துவருக்கு அந்நாளில் இல்லறமும் செல்வமும் ஊரில் உயர்ந்த மதிப்பும் காத்திருந்தன. முப்பத்தாறு வயதே நிரம்பியவர் அவற்றுள் எதனையும் நாடவில்லை. கொணர்ந்த உடைமைகளை விட்டுவிட்டு, தனியராய்க் காசிக்குப் புறப்பட்டார்.

காசி யாத்திரை செல்வோர் தமக்கு விருப்பமான ஒரு காயையும் ஒரு கனியையும் விட்டுவிட்டு வருவது நம் நாட்டு வழக்கம். பற்றை விடுதலே யாத்திரையின் பயன் என்பதை நினைவூட்ட முன்னோர் வகுத்த சிறு பயிற்சி அது. நம்மில் பலர் அதிகம் விரும்பாத காயைத் தேர்ந்தெடுத்து விடுவதும் உண்டு! பத்தமடை மருத்துவரோ விட வேண்டியவற்றை எல்லாம் காசியை அடையுமுன்பே விட்டுவிட்டார். யாத்திரையின் பயனை முதலில் செலுத்தி, தரிசனத்தைப் பின்னர்ப் பெற்றார் என்று கூறினும் பொருந்தும்.

வருணை, அசி என்னும் ஈராறுகளுக்கு இடைப்பட்டதாதலின் வாரணாசி எனப் பெயர்பெற்ற அத்திருநகரில், தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறாள் கங்கை. கரை நெடுக எண்பதுக்கும் மேற்பட்ட நீராடு துறைகள் அமைந்துள்ளன. இந்தூர் அரசி அகல்யாபாய் ஹோல்கர் 1780-ஆம் ஆண்டில் எழுப்பித்த விசுவநாதர் ஆலயம் அந்நாளில் குறுகிய சந்துகளின் நடுவே விளங்கிற்று. நம் தென்னாட்டுக் கோபுரங்களையும் பிராகாரங்களையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது சிறிய கோயிலாகத் தோன்றும். ஆனால் தம் கையால் கங்கை நீரை வார்த்து இலிங்கத் திருமேனியைத் தொட்டு வணங்கும் உரிமையை அங்கே பன்னெடுங்காலமாக அடியார்கள் பெற்று வந்தனர். அன்னபூரணியும் விசாலாட்சியும் காலபைரவரும் கேதாரநாதரும் அருள்புரியும் அந்நகரில், மணிகர்ணிகைத் துறையில் எரியும் தீ அணைவதே இல்லை. தோட்ட மருத்துவமனையில் மரணத்தைப் பலகால் அருகிருந்து கண்ட ஒருவருக்கு, மரணத்தையே மங்கலமாக ஏற்றுக்கொள்ளும் அந்நகரம் எத்தகைய பாடமாய் அமைந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

விசுவநாதரைத் தரிசித்தார், ஆலயங்கள் பலவற்றையும் மகான்களையும் கண்டு வணங்கினார். மற்றையோர்க்கு யாத்திரை நிறைவுறும் அவ்விடத்தில் அவருக்கு யாத்திரை தொடங்கியது. அங்கிருந்து நாசிக், புனே முதலிய இடங்களுக்குச் சென்று, புனேயிலிருந்து பண்டரிபுரத்துக்குக் கால்நடையாகவே நடந்தார். சந்திரபாகைக் கரையில் உள்ள ஒரு சிற்றூரில் அஞ்சல் நிலைய அலுவலர் ஒருவர் இல்லத்தில் சில மாதங்கள் தங்கி, அவருக்குச் சமையல் முதலிய பணிவிடைகளைச் செய்தார். பல நூறு நோயாளிகள் எழுந்து நின்று வணங்கிய மருத்துவர், ஒருவர் வீட்டில் பணியாளராய் நின்றது அகந்தையை வேரறுக்கும் பொருட்டேயாம். தனித்திருந்து தவம் புரியத் தக்க இடம் எது என்று வினவியபோது, ரிஷிகேசம் என்று விடையளித்தவரும் அந்த அலுவலரே.

ரிஷிகேசத்தில்

1924-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் இமயமலை அடிவாரத்தில் உள்ள ரிஷிகேசத்தை அவர் அடைந்தார். ஜூன் முதல் நாள், கங்கைக் கரையில், பரமஹம்சர் சுவாமி விசுவானந்த சரஸ்வதி அவருக்குத் துறவு நெறியில் தீட்சை அளித்தார். விசுவநாதரை நாடிச் சென்றவர்க்கு விசுவானந்தர் என்னும் திருப்பெயருடைய குருவே வாய்த்தது இறையருளின் குறிப்பு என்று கொள்வதில் தவறில்லை. குப்புசுவாமி அன்று முதல் சுவாமி சிவானந்த சரஸ்வதி ஆயினர்.

சுவர்க்காசிரமத்தில் ஒரு சிறு குடிலில் கடுந்தவம் மேற்கொண்டார். அன்னக்ஷேத்திரத்தில் பெற்ற ரொட்டியை உலர்த்தி வைத்துக்கொண்டு, கங்கை நீரில் நனைத்து உண்டு நாட்களைக் கழித்தார். குளிர் நீரில் நின்று ஜபம் செய்வார், மௌனம் காப்பார். ஆயினும் நோயுற்ற சாது ஒருவர் முனகும் ஒலி கேட்டால் தவம் பின்னுக்கு நின்றது. தொண்டு முன்னுக்கு வந்தது. முதிர்ச்சியடைந்த ஆயுள் காப்பீட்டுத் தொகை கைக்கு வந்தபோது, அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், 1927-ஆம் ஆண்டில் லட்சுமணன் ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றை அமைத்தார். பத்ரிநாத், கேதார்நாத் செல்லும் யாத்திரிகர்கள் அவ்வழியே நடந்து போவர். வயிற்றுநோயும் காய்ச்சலும் கால்வெடிப்பும் அவர்களை வாட்டும். அவர்களுக்கு மருந்திட்டு, பால் கொடுத்து, கால் பிடித்துவிட்டு வழியனுப்பினார்.

ஒருநாள் பத்ரிநாத் செல்லும் யாத்திரிகர் ஒருவருக்கு மருந்து கொடுத்து அனுப்பிய பிறகு, அதனினும் ஏற்ற மருந்து ஒன்று தம்மிடம் இருப்பது நினைவுக்கு வந்தது. அவரோ புறப்பட்டு நெடுந்தூரம் போய்விட்டார். சுவாமிகள் அம்மருந்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் பல மைல் ஓடிச் சென்று அவரைப் பிடித்துக் கொடுத்துத் திரும்பினார். தலயாத்திரை செல்பவரைத் தேடி ஓடுவதும் ஒரு தலயாத்திரையே அன்றோ!

1931-ஆம் ஆண்டில் கயிலை மலைக்கும் மானசரோவரத்துக்கும் அவர் யாத்திரை சென்றுவந்தார். 1934-ஆம் ஆண்டில் கங்கையின் வலக்கரைக்குப் பெயர்ந்து, கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு மாட்டுக் கொட்டிலைத் தூய்மை செய்து அதில் தங்கினார். நாடி வந்த சீடர்களுடன் அங்கே தொடங்கிய வாழ்வே 1936-ஆம் ஆண்டில் தெய்வ நெறிக் கழகமாக மலர்ந்தது. சிவானந்த ஆசிரமம் என்று இன்று உலகம் போற்றும் நிலையத்தின் தொடக்கம் ஒரு மாட்டுக் கொட்டில் என்பதை, திருப்பணிக்குப் போதிய பொருள் இல்லையே என்று கலங்கும் அன்பர்கள் நினைவிற்கொள்வாராக.

விசுவநாதர் எழுந்தருளல்

1943-ஆம் ஆண்டு அவ்வாசிரமத்தில் இரு மங்கல நிகழ்ச்சிகள் நடைபெற்றன. டிசம்பர் 3-ஆம் நாள் இடையறாத மகாமந்திர நாம சங்கீர்த்தனம் தொடங்கியது. இரவும் பகலும் ஓயாமல் இன்றும் அது ஒலித்து வருகிறது. அதே ஆண்டில் விசுவநாதர் ஆலயமும் அங்கே பிரதிஷ்டையாயிற்று. இருபது ஆண்டுகட்கு முன் காசியில் தரிசித்த பெருமானை, தாம் வாழ்ந்த கங்கைக் கரையிலேயே எழுந்தருளச் செய்தார் சுவாமிகள். பத்தமடையில் வில்வம் பறித்த கைகள், இமயத்தின் அடியில் ஓர் ஆலயம் கண்டன. அருச்சனை, அபிஷேகங்களை வேதாந்தம் கற்றவர் புறக்கணிக்க வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. பக்தியும் கர்மமும் யோகமும் ஞானமும் ஒன்றையொன்று தாங்கும் தூண்கள் என்பது அவர் கொள்கை. ஆதலின் அவ்வாலயத்தை அடுத்தே மருந்தகமும் அன்னசாலையும் அச்சகமும் இயங்கின. தொழுநோயாளர்க்கு உணவும் உறைவிடமும் மருத்துவமும் அளித்த தொண்டினை அவர் இறைவழிபாட்டினின்று வேறாகக் கருதவில்லை. 1948-ஆம் ஆண்டில் யோக வேதாந்தக் கல்விக்கூடம் ஒன்றையும் நிறுவினார். முந்நூறு அளவில் நூல்கள் இயற்றினார். அவற்றைக் கேட்டவர்க்கெல்லாம் விலையின்றியே பெரும்பாலும் அனுப்பினார்.

1950-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள், மாலை சத்சங்கத்தின்போது ஒருவன் கோடரியால் அவரை வெட்ட முற்பட்டான். இறையருளால் பெருந்தீங்கு நேரவில்லை. சூழ்ந்திருந்தோர் அவனைப் பிடித்துக் காவலரிடம் ஒப்புவிக்க முனைந்தனர். சுவாமிகள் அவனைத் தண்டிக்க இசையவில்லை. அவனுக்குப் பழமும் நூல்களும் அளித்து, மந்திர உபதேசமும் செய்து, ஊருக்கு அனுப்பிவைத்தார். இளமையில் வாள் கற்பித்த ஆசானிடம் சிவனைக் கண்டவர், தம்மை வெட்ட வந்தவனிடமும் அப்பெருமானையே கண்டார். முன்னது எளிது, பின்னது அரிது. முன்னதைப் பழகியவர்க்கே பின்னது கைகூடும்.

அதே ஆண்டு செப்டம்பரில் புறப்பட்டு, இரண்டு மாத காலம் பாரத நாடு முழுவதும் இலங்கையிலும் அருளுரை வழங்கி மீண்டார். சுவாமி சிதானந்தர், சுவாமி கிருஷ்ணானந்தர், சுவாமி சின்மயானந்தர், சுவாமி விஷ்ணுதேவானந்தர் முதலிய சீடர்கள் அவர் நெறியைப் பாரதத்திலும் அயல்நாடுகளிலும் பரப்பினர். 1963-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள், கங்கைக் கரையிலேயே மகாசமாதி எய்தினார். அவர் நிறுவிய மருத்துவப் பணி இன்றும் அங்கே இலவசமாக நடைபெற்று வருகிறது.

நாம் கொள்ளத் தக்கது

மெய்யன்பர்களே! காசிக்குச் செல்வோர் இன்று மிகப் பலர். நெல்லையிலிருந்து மாதக்கணக்கில் நடந்த யாத்திரை இப்பொழுது சில நாட்களில் நிறைவேறுகிறது. இது வரவேற்கத் தக்கதே. ஆயினும் பயணம் எளிதாகும்போது துறவு கடினமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கங்கை நீரைச் செம்பில் அடைத்துக்கொண்டு வருகிறோம். அத்துடன் ஒரு பற்றையேனும் அங்கே விட்டுவிட்டு வருகிறோமா என்று நம்மையே வினவிக்கொள்ளுதல் வேண்டும். பத்தமடை மருத்துவர் எல்லாவற்றையும் விட்டார். நாம் ஒரு சினத்தை, ஒரு பகையை, ஒரு குலச் செருக்கை விட்டு வந்தாலும் போதும்.

திருப்பணிக்குப் பொருள் வழங்கிய புண்ணியவான்களும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். கோபுரக் கலசத்தில் வார்க்கும் புனித நீர் கலசத்தோடு நின்றுவிடுவதில்லை. விமானத்தின் வழியே இறங்கி, கீழே நின்று கைகூப்பும் எளியவர் தலையிலும் தெளிக்கப்படுகிறது. அதுபோல், கோயிலுக்கு நாம் செய்த தானமும் பசித்தவர்க்கு உணவாகவும் பிணியுற்றவர்க்கு மருந்தாகவும் இறங்கி வரும்போதே கும்பாபிஷேகம் முழுமை பெறும். ஆலயமும் மருந்தகமும் அருகருகே நிற்கலாம் என்பதைப் பொருநைக் கரையில் பிறந்த ஒருவர் கங்கைக் கரையில் நிலைநாட்டிக் காட்டினார்.

தாமிரபரணியில் நீராடி எழும்போது, இந்நீரில் விளையாடிய ஒரு சிறுவரே ரிஷிகேசத்துத் தவமுனிவரானார் என்பதை நினைவோமாக. காசி விசுவநாதர் திருவருளும், நம் திருக்கோயிலில் எழுந்தருளியுள்ள பெருமானின் திருவருளும் அன்பர் அனைவர்க்கும் உறுதுணையாகுக!